ஆன்டிக் கடைல பழைய பைப் தேடுறவங்களுக்கு: முத்திரையப் படிச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி

இங்கிலாந்துல எந்த ஊர் ஆன்டிக் கடைக்குப் போனாலும் ஏதோ ஒரு அலமாரி மூலைல ஒரு தட்டு நெறைய பழைய புகையிலை பைப்புங்க கெடக்கும், கூடவே பழைய ரேஸர், பாக்கெட் கத்தி, சிகரெட் டப்பான்னு கலந்து கட்டி. போன நூற்றாண்டுல முக்கால்வாசி வரைக்கும் அங்க பைப் புடிக்கிறது சர்வசாதாரணம், அந்தக் காலத்துப் பெரியவங்க போனதுக்கப்புறம் வீட்டக் காலி பண்றப்போ அவங்க பைப்பு எல்லாம் மொத்தமா கடைக்கு வந்துரும். கடைக்காரருக்கு வெள்ளி தெரியும், பீங்கான் தெரியும், நகை தெரியும், பைப் பத்தி பெரும்பாலும் அரைகுறையாத்தான் தெரியும், அதனால நல்ல பைப் கம்மி விலைக்கும் கெடைக்கும், ஒண்ணுமில்லாத பைப்புக்கு தலைல கட்டுற விலையும் சொல்லுவாங்க. இந்தக் கட்டுரை சேகரிக்கிறவங்களுக்காக எழுதுறது, புகைக்கச் சொல்லி இல்ல, புகையிலை உடம்புக்குக் கேடுங்கிறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா ஒரு பழைய பைப்ப கைல எடுத்து அது எந்த ஊர்ல, எந்தப் பட்டறைல, எந்த வருஷம் செஞ்சதுன்னு அதுலயே படிச்சுத் தெரிஞ்சுக்கிறது ரொம்ப சந்தோஷமான வேலை.

ஒரே ஒரு பழக்கம் வந்துட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பைப்ப எடுத்ததும் விலைச் சீட்டப் பாக்காதீங்க, கடைக்காரர் சொல்ற கதையக் கேக்காதீங்க, திருப்பி அந்தத் தண்டுல, அதாவது புகையிலை போடுற பவுலுக்கும் வாய்ல வைக்கிற ஸ்டெம்முக்கும் நடுவுல இருக்கிற பாகத்துல, பதிச்சிருக்கிற எழுத்தப் படிங்க. அழகு, பளபளப்பு, "இது ரொம்பப் பழசு சார்" எல்லாம் அதுக்கப்புறம்தான்.

எங்க தேடுறது

லண்டன்ல போர்ட்டபெல்லோ ரோடு சனிக்கிழமை, பெர்மண்ட்ஸி சதுக்கத்துல வெள்ளிக்கிழமை காலைல, கெம்ப்டன் பார்க் ரேஸ் மைதானத்துல மாசத்தோட ரெண்டாவது செவ்வாயும் கடைசி செவ்வாயும். வெளியூர்னா நாட்டிங்ஹாம்ஷயர்ல நியூவார்க், சஸ்ஸெக்ஸ்ல ஆர்டிங்லி, இந்த ரெண்டும் பெரிய திறந்தவெளிச் சந்தை, வருஷத்துல சில தடவைதான் நடக்கும், தேதி பாத்துட்டுப் போங்க. எல்லா எடத்துக்கும் பொதுவான விதி, விடிஞ்சதும் போய் நின்னுடணும், ஏன்னா பைப் தெரிஞ்ச வியாபாரிங்க மேஜை விரிக்கும்போதே வந்து பொறுக்கிட்டுப் போயிருவாங்க. சேரிட்டி ஷாப், கார் பூட் சேல்ல கெடைக்கிறதும் உண்டு, அங்க விலை கம்மி, ஆனா நெறைய நேரம் வெறுங்கையோட திரும்பணும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க.

பையில பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லூப் ஒண்ணு, சின்ன டார்ச், ரெண்டு மூணு பைப் கிளீனர், மெத்துன துணி. இது போதும்.

மொதல்ல என்ன பொருள்னு பாருங்க

நீங்க பாக்கப்போற பைப்புல பெரும்பாலானது பிரையர் மரம். மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ற ஒரு புதர்ச்செடியோட வேர்க் கட்டி அது, சூட்டத் தாங்கும், சீக்கிரம் கருகாது. பிரான்ஸ்ல ஜூரா மலைப் பக்கம் செயின்ட் குளோட்ங்கிற ஊர்ல 1850கள்ல இதுல பைப் செய்ய ஆரம்பிச்சாங்க, அதனால "பிரையர் பைப், 1800ல செஞ்சது"ன்னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு நகந்துருங்க. மிச்சம் இருக்கிறது மீர்ஷாம்ங்கிற வெள்ளைக் கனிமம், களிமண், பீங்கான், அப்புறம் சோளக்கதிர் பைப். சோளக்கதிர் அமெரிக்கா சரக்கு, மிசௌரில வாஷிங்டன்ங்கிற ஊர்ல 1869லேர்ந்து செய்யிறாங்க.

வாய்ல வைக்கிற ஸ்டெம் என்னன்னும் பாருங்க. மங்கலா, பச்சையும் பழுப்புமா நெறம் மாறியிருந்து, லேசா தேச்சா கந்தக வாடை வந்தா அது வல்கனைட், அதாவது கெட்டியாக்குன ரப்பர். இந்த நெற மாற்றத்தப் பாத்து பயப்படாதீங்க, அது சரி பண்ணக்கூடியது, பழைய ஸ்டெம்ங்கிறதுக்கு ஒரு சாட்சியும்கூட. கண்ணாடி மாதிரி பளபளன்னு நெறம் மாறாம இருந்தா அக்ரிலிக், அப்ப பைப் பிற்காலத்துது, இல்லன்னா ஸ்டெம்ம மாத்தியிருக்காங்க. வாய் முனைல இருக்கிற ஓட்டை இப்ப இருக்கிற மாதிரி நீளக் கீறலா இல்லாம உருண்டையா ஒரே புள்ளி மாதிரி இருந்து, ஸ்டெம்மக் கழட்டுனா உள்ள எலும்புல செஞ்ச திருகாணி இருந்துச்சுன்னா ஒக்காந்து நிதானமாப் பாருங்க, அது பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியோ இருபதாம் நூற்றாண்டு ஆரம்பமோ ஆக நல்ல வாய்ப்பிருக்கு.

ஸ்டெம்மக் கழட்டுறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட கேளுங்க. அவர் சரின்னா பவுலப் புடிக்காம ஷாங்க்க, அதாவது தண்டப் புடிச்சுக்கிட்டு, ஸ்டெம்ம கடிகார முள் சுத்துற பக்கமா மெதுவா திருகி இழுங்க. வரலன்னா விட்டுருங்க, பழைய தார் ஒட்டிக்கிட்டு இருக்கும், பலவந்தம் பண்ணா தண்டு விரிஞ்சிரும்.

முத்திரையப் படிக்கிற விதம்

எழுத்து பெரும்பாலும் தண்டோட ரெண்டு பக்கமும், சிலதுல அடியிலயும் இருக்கும். நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது, டார்ச்ச தண்டோட ஒட்டி சாய்வாப் புடிங்க, பள்ளத்துல நெழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். லூப்ப கண்ணுகிட்ட வச்சுக்கிட்டு பைப்ப அதுக்குக் கிட்ட கொண்டு வாங்க. படிக்க முடியாத எழுத்த போன்ல போட்டோ எடுத்து கான்ட்ராஸ்ட்ட ஏத்திப் பாத்தாலும் பல நேரம் வந்துரும்.

புதுசா வர்றவங்க நெறைய பேர் "ரியல் பிரையர்", "ஜெனுவைன் பிரையர்", "ப்ருயேர் கேரன்ட்டி"ன்னு எழுதியிருக்கிறத கம்பெனி பேருன்னு நெனச்சுப் போய் தேடுறாங்க. அது மரத்தோட பேரு, அவ்வளவுதான், யார் வேணா பதிச்சுக்கலாம். பைப்ல வேற எந்த எழுத்தும் இல்லாம இது மட்டும் இருந்தா அஞ்சு பத்து பவுண்டுக்கு மேல குடுக்காதீங்க. நாட்டோட பேரு இருக்கான்னு பாக்கிறது அடுத்தது. 1890ல அமெரிக்கா கொண்டு வந்த மெக்கின்லி வரிச் சட்டத்துக்கு அப்புறம்தான் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி பண்ற சாமான்ல நாட்டுப் பேர் போடுறது கட்டாயமாச்சு, அதனால "மேட் இன் இங்லண்ட்"னு முழுசா இருந்தா பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு.

டன்ஹில்

எல்லாரும் தேடுறது இதத்தான், அதனால ஏமாறுறதும் இதுலதான். ஆல்ஃப்ரட் டன்ஹில் 1907ல லண்டன் டியூக் தெருவுல கடை தொறந்தாரு, 1910லேர்ந்து சொந்தமா பைப் செய்ய ஆரம்பிச்சாரு. ஸ்டெம் மேல இருக்கிற வெள்ளைப் புள்ளிய எல்லாரும் அடையாளமாச் சொல்லுவாங்க, ஆனா அந்தப் புள்ளிய மட்டும் நம்பி காசு குடுக்கக் கூடாது, மத்த கம்பெனிங்களும் புள்ளி வச்சிருக்காங்க, ஸ்டெம்ம மாத்தவும் முடியும். தண்டுல இருக்கிற எழுத்துதான் பேசணும்.

"மேட் இன் இங்லண்ட்"ங்கிறதுல கடைசி எழுத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன எண் இருக்கும், அதான் வருஷக் குறியீடு. 1921லேர்ந்து இது நடக்குது, 1ன்னா 1921, 2ன்னா 1922ன்னு போகும். சிக்கல் என்னன்னா பத்து வருஷத்துக்கு ஒரு தடவ அதே எண் திரும்ப வரும். ஒரு பைப்ல 4ன்னு இருக்குன்னு வைங்க, அது 1924, 1934, 1944, 1954, 1964 இதுல எதுவா வேணாலும் இருக்கலாம். அப்ப மிச்ச எழுத்தப் பாக்கணும். பேட்டன்ட் எண் பதிச்சிருந்தா அது 1950களோட நடுவுக்கு முன்னாடி. வட்டத்துக்குள்ள 1லேர்ந்து 6 வரைக்கும் ஒரு அளவு எண் இருந்தா அது 1950கள் ஆரம்பத்துக்கு அப்புறம். ரெண்டும் ஒரே பைப்ல இருந்து பக்கத்துல 4ம் இருந்தா 1954ன்னு அடிச்சுச் சொல்லலாம். 1970கள்ல இது ரெட்டை எண்ணா மாறிருச்சு, 11ன்னா 1971, 21ன்னா 1981, அதாவது 1960ஓட கூட்டிக்கணும்.

இன்னொரு பெரிய குழப்பம் பேட்டன்ட் எண்ணுல. மணல் வீசி மேடு பள்ளமாக்குன ஷெல் பைப்ல 119708/17ன்னு இருக்கும். கடைக்காரர் அந்த 17ஐக் காட்டி "1917 பைப்"னு சீட்டு எழுதி வச்சிருப்பாரு, பாவம் அவரும் தெரியாமத்தான் எழுதுறாரு. 17ங்கிறது அந்த பேட்டன்ட்டோட வருஷம், அந்த எண்ண அதுக்கப்புறமும் பல வருஷம் பதிச்சுக்கிட்டே இருந்தாங்க. பைப் வருஷம் அந்தச் சின்ன எண்ணுல இருக்கு. வட்டத்து எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்து மேல்பூச்ச சொல்லும், எஸ்ன்னா ஷெல், ஆர்ன்னா ரூட் பிரையர், டி-ன்னா 1952ல வந்த டான்ஷெல், ஏ-ன்னா கருஞ்சிவப்பு ப்ருயேர். பார்க்கர்ங்கிற பேரும் டன்ஹில் வீட்டுதுதான், ரெண்டாந்தரம்னு ஒதுக்கிராதீங்க, நல்ல பைப், விலையும் சகாயம்.

பீட்டர்சன், டப்ளின்

எனக்குத் தனிப்பட்ட முறைல ரொம்பப் புடிச்சது இதுதான், புதுசா வர்றவங்களுக்கும் இதத்தான் சொல்லுவேன், ஏன்னா அயர்லாந்தோட சரித்திரமே தண்டுல எழுதியிருக்கும். சார்லஸ் பீட்டர்சன் 1890ல ஒரு பேட்டன்ட் வாங்குனாரு, புகைல வர்ற ஈரம் தண்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன குழில தங்கிக்கும், வாய்க்கு வராது. சிஸ்டம் பைப்னு இதுக்குப் பேரு. 1898ல பி-லிப்னு வாய் முனைக்கும் ஒரு பேட்டன்ட், அதுல ஓட்டை முனைல இல்லாம மேல் பக்கமா பாத்து இருக்கும், ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டீங்க.

வருஷம் கண்டுபிடிக்க நாட்டுப் பேரப் படிங்க. "ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்"னு இருந்தா 1922க்கும் 1937க்கும் நடுவுல, ஏன்னா அந்த நாடே அவ்வளவு காலம்தான் அந்தப் பேர்ல இருந்துச்சு. "ஏர"ன்னு ஐரிஷ் மொழிப் பேர் இருந்தா 1937 கடைசில புது அரசியல் சட்டம் வந்ததுக்கப்புறம். "ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து"ன்னு மூணு வரில இருந்தா 1949ல குடியரசானதுக்கு அப்புறம்.

தண்டு முனைல உலோகப் பூண் போட்டிருப்பாங்க, அதுல "கே அண்ட் பி"ன்னும் (கேப் அண்ட் பீட்டர்சன்ங்கிற கம்பெனிப் பேரோட சுருக்கம்) பக்கத்துல மூணு சின்ன படமும் இருக்கும். இங்கதான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கணும். அந்த மூணு படம் ஷாம்ராக் இலை, ஒரு நாய், ஒரு உருண்டைக் கோபுரம்னா அது நிக்கல், வெள்ளி கிடையாது, அழகுக்குப் போட்ட அடையாளம். ஒக்காந்திருக்கிற பெண் உருவம், கிரீடம் வச்ச யாழ், கூட ஒரு எழுத்து இருந்தாத்தான் டப்ளின் ஹால்மார்க் போட்ட நெஜ வெள்ளி. நிக்கல் பூண் போட்ட பைப்ப "சில்வர்"னு சீட்டு ஒட்டி விக்கிறத நெறையப் பாக்கலாம்.

இங்கிலாந்து வெள்ளிக்கும் அதே பாடம்தான். நடக்கிற சிங்கம் இருந்தா ஸ்டெர்லிங் வெள்ளி, நங்கூரம்னா பர்மிங்ஹாம், சிறுத்தை முகம்னா லண்டன். கூட இருக்கிற எழுத்து வருஷம், ஆனா ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெரிய "ஏ" எழுத்து பர்மிங்ஹாம்ல 1925, லண்டன்ல 1936, அதனால மொதல்ல ஊரப் பாத்துட்டு அப்புறமா எழுத்தப் பாருங்க, எழுத்தோட வடிவமும் அதச் சுத்தியிருக்கிற கட்டத்தோட வடிவமும் பட்டியலோட ஒத்துப் போகணும். வெள்ளில வருஷம் கெடைச்சா கம்பெனி முத்திரையே அழிஞ்சிருந்தாலும் கவலையில்ல. ஆனா பூண் பைப்போட பொறந்ததான்னு பாக்கணும். தண்டுல பதிச்ச எழுத்துல பாதி பூணுக்கு அடியில போய் மறைஞ்சிருந்தா அந்தப் பூண் பிற்பாடு போட்டது, அடியில விரிசல் இருக்கலாம்.

மத்த பேருங்க, சுருக்கமா

கோமாய்ஸ் பைப்புல ஸ்டெம்ல ஒரு "சி" எழுத்து இருக்கும். பழசுல அது மூணு துண்டா குடைஞ்சு பதிச்சது, வெள்ளை வட்டம், அதுக்குள்ள கருப்பு வட்டம், அப்புறம் வட்டத்த ஒரு பக்கம் தொறந்து விட ஒரு துண்டு. லூப்ல இந்த ஒட்டு தெரியும். வெறுமனே மேல எழுதுன மாதிரி இருந்தா பிற்காலம். "மேட் இன் லண்டன் இங்லண்ட்"னு எழுத்து வட்டமா சுத்தி இருந்தா, மேல என்ன பேர் போட்டிருந்தாலும், அது கோமாய்ஸ் பட்டறைப் பக்கம் வந்ததா இருக்கும். ஸ்டெம்ல மூணு உலோகக் கோடு போட்ட கில்ட்ஹால் அவங்களோட கம்மி விலை வரிசை, அத விடாதீங்க.

சாசீனின்னா ஸ்டெம்ல வெளிர் நீலப் புள்ளி நாலு, தண்டுல பேட்டன்ட் எண் 150221/20, கூட ஆஷ்ஃபோர்ட் மாதிரி ஒரு ஊர்ப் பேரு. இத ஆரம்பிச்ச ஜோயல் சாசீனி டன்ஹில்ல வேல பாத்துட்டு வெளிய வந்தவரு. பார்லிங் 1812ல வெள்ளி வேலைக்காரங்களா ஆரம்பிச்ச குடும்பம், வெள்ளிப் பூண்ல "ஈ.பி", "டபிள்யூ.பி"ன்னு இருக்கும், "பார்லிங்ஸ் மேக்"னு வளைஞ்ச எழுத்துல இருக்கிறது பழசு, 1960ல குடும்பம் கம்பெனிய வித்ததுக்கப்புறம் வந்ததுக்கு அவ்வளவு மதிப்பு இல்ல. ஜி.பி.டி பாரிஸ்ல 1850ல ஆரம்பிச்சது, பழைய ஸ்டெம்ல பித்தளைல ஒரு வில்லை பதிச்சிருக்கும்.

மீர்ஷாம், களிமண், பீங்கான்

மீர்ஷாம் வெள்ளையான மென்மையான கனிமம், துருக்கில எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுல வியன்னால இதுல சிற்பமே செதுக்குனாங்க. கைல எடுத்தா எதிர்பார்த்தத விட லேசா இருக்கும். நல்லா பொகைச்ச பைப் அடியிலேர்ந்து தேன் நெறமாகி அப்புறம் பழுப்பாகும், அந்த நெறம் சீரா இல்லாம எடத்துக்கு எடம் மாறி கலங்குன மாதிரி வரும். பைப் பூரா ஒரே பழுப்பா, கனமா, செதுக்கல் விளிம்பெல்லாம் மழுங்கி அச்சுல வார்த்த மாதிரி இருந்தா ரெசின், அதாவது பிளாஸ்டிக் நகலா இருக்கலாம். பெட்டி இருந்தா மூடியோட உள் பக்கம் பாருங்க, தங்க எழுத்துல ஒரு பேர் இருக்கும், அது பல நேரம் வித்த கடைக்காரர் பேரு. ஆம்பர் (கல்லா இறுகிப்போன மரப்பிசின்) ஸ்டெம்னு சொன்னா கொஞ்சம் தேச்சு மோந்து பாருங்க, ஆம்பர்ல பிசின் வாசனை வரும், பேக்கலைட்ங்கிற பழைய பிளாஸ்டிக்ல கார்பாலிக் வாடை வரும்.

தந்தம்னு சொல்ற எதையும் இங்கிலாந்துல யோசிக்காம வாங்காதீங்க. 2018ல போட்ட தந்தச் சட்டம் 2022 ஜூன்லேர்ந்து நடைமுறைல இருக்கு, 1947க்கு முன்னாடி செஞ்சு, மொத்தத்துல தந்தம் பத்து சதவீதத்துக்குக் கம்மியா இருக்கிற பொருளுக்குக்கூட பதிவு பண்ணியிருக்கணும், பதிவுச் சான்று எங்கன்னு கேளுங்க.

களிமண் பைப்புக்கு பவுலோட அளவுதான் காலக் கணக்கு. பதினாறாம் நூற்றாண்டு கடைசில புகையிலை தங்க விலை, பவுல் சுண்டு விரல் நுனி போற அளவுதான் இருக்கும். பதினேழாம் நூற்றாண்டுல பீப்பாய் மாதிரி நடுவுல உப்பி, முன்னாடி சாஞ்சு, வாய் விளிம்ப சுத்தி பல்சக்கரம் ஓட்டுன மாதிரி ஒரு கோடு. அப்புறம் பெருசாகிக்கிட்டே போகும். தேம்ஸ் கரைல இந்தத் துண்டுங்க நெறையக் கெடக்கு, ஆனா துறைமுக ஆணையத்தோட பர்மிட் இல்லாம பொறுக்குறது சட்டப்படி குத்தம்.

ஜெர்மன் பீங்கான் பைப்புல பட்டாளத்துக்காரரோட பேரும் ரெஜிமென்ட்டும் சேவை வருஷமும் வரைஞ்சிருக்கும். இதுல நகல் ரொம்ப ஜாஸ்தி. லூப்ல பாத்து படம் குட்டிக் குட்டிப் புள்ளியாத் தெரிஞ்சா அச்சடிச்சு ஒட்டுனது, வெச்சுட்டு வந்துருங்க.

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி

பவுலுக்குள்ள டார்ச் அடிச்சு கரிப் படிவத்துக்கு அடியில விரிசல் ஓடுதான்னு பாருங்க. வெளிப்பக்கம் ஒரே எடத்துல மட்டும் கருப்பா தடவிப் பாத்தா மெத்துன்னு இருந்தா உள்ளேர்ந்து எரிஞ்சு வந்துருக்கு, அத வாங்காதீங்க. மரத்துல இளஞ்சிவப்பா புள்ளி தெரிஞ்சா அது புட்டி வச்சு அடைச்ச குழி, பெரிய கம்பெனி முதல் தரத்துல இது இருக்கக் கூடாது. ஸ்டெம்மும் தண்டும் சேர்ற எடத்துல நகத்த ஓட்டுங்க, தடுக்குச்சுன்னா ஸ்டெம் வேற பைப்போடதா இருக்கலாம். பைப் கிளீனர் முழுசா உள்ள போய் வருதான்னும் பாருங்க. பல்லுத் தடம், கரி புடிச்ச விளிம்பு, மங்குன ஸ்டெம் இதெல்லாம் விலை கொறைக்க காரணம் மட்டும்தான்.

பேரம் பேசும்போது பைப்பக் கொற சொல்லாதீங்க, அங்க அது எடுபடாது. "இதுக்கு உங்க பெஸ்ட் பிரைஸ் என்ன?"ன்னு மரியாதையாக் கேட்டா பெரும்பாலும் கொஞ்சம் விட்டுக் குடுப்பாங்க, ரெண்டு மூணு பைப் சேத்து எடுத்தா இன்னும் விடுவாங்க.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுன்னு வரும், மெருகு போடணும்னு. தயவுசெஞ்சு தண்டுல இருக்கிற எழுத்து மேல சாண்ட்பேப்பரும் மெருகுச் சக்கரமும் படவே கூடாது. அந்த எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் இல்லாதது, ஒரு தடவ தேய்ஞ்சா டன்ஹில்லும் பேர் இல்லாத பைப்பும் ஒண்ணாயிரும். பிரையர தண்ணில ஊறப் போடாதீங்க. உள்ள ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பைப் கிளீனர் விட்டு அது வெள்ளையா வர்ற வரைக்கும் தொடைங்க, பவுல்ல கரி ஒரு மில்லிமீட்டர் இருக்கிற மாதிரி விட்டுட்டு மிச்சத்த மெதுவா சுரண்டுங்க. மீர்ஷாம்ல கரிய முழுசா எடுத்துரணும், ஆனா தண்ணியும் ஆல்கஹாலும் ரெண்டுமே ஆகாது, காஞ்ச மெத்துன துணி மட்டும்தான். வாங்குன தேதி, எடம், விலை, தண்டுல இருக்கிற எழுத்து அப்படியே வரி வரியா ஒரு சின்ன அட்டைல எழுதி பைப்போட சேத்து வச்சிருங்க, சாய்வா வெளிச்சம் அடிச்சு எடுத்த போட்டோ ஒண்ணும் கூட.